வெட்டாத கத்தி

கைவினைக் கத்திகள் கைமாறும்போது எழுதப்படும் விற்பனைக் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் வரும்: இடுப்பில் செருகியதில்லை, எதையும் வெட்டியதில்லை, ஒருமுறைகூடத் தீட்டியதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறார்கள். இந்த வரி இருந்தால் விலை கூடும். உரிமையாளர் ஒரே ஒரு மானை உரித்துவிட்டு, பிறகு கழுவித் துடைத்துப் பொறுமையாகத் தீட்டி வைத்திருந்தால் அதே கத்தியின் விலை இறங்கிவிடும். தீட்டியவர் எவ்வளவு கைதேர்ந்தவர் என்பது கணக்கில் வராது. செய்தவர் விட்ட கூர் போய்விட்டது, அவ்வளவுதான்.

உலகத்தில் வேறு எந்தக் கருவிக்கும் இப்படி ஒரு நிலைமை வந்ததாகத் தெரியவில்லை. வாசிக்காத வயலினை உயர்வாகச் சொல்ல மாட்டார்கள். ஓடாத கார் அரும்பொருளகத்தில் இருக்கலாம், ஆனால் அது ஓடும் என்று ஒருவர் ஓட்டிக் காட்டியிருப்பார். கத்தியிடம் மட்டும், நீ வெட்டுவாய் என்று நம்புகிறோம், வெட்டிக் காட்டாதே என்கிறோம். இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கலைக் கத்தி என்று சொல்லப்படுவதன் அழகு முழுக்க இந்த நம்பிக்கைக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். எந்தக் கத்தி இந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறது, எது அதைத் தேவையில்லாமல் ஆக்கிவிடுகிறது என்பதை வைத்து நல்லதையும் சுமாரானதையும் பிரிக்க முடியும் என்றும் நினைக்கிறேன்.

நான் ஜார்ஜியாவில் வேலை பார்க்கும் மென்பொருள்காரன். ஒவ்வொரு ஜூன் மாதமும் அட்லாண்டாவில் பிளேட் ஷோ நடக்கும். நாலைந்து வருடமாகப் போய்வருகிறேன். என்னிடம் இருப்பது மூன்று கைவினைக் கத்திகள், மூன்றும் அடுப்படியில் இருக்கின்றன. ஆகவே சேகரிப்பாளன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முதல்முறை கூட வந்த நண்பன் ஒரு மேசையில் விலையைப் பார்த்துவிட்டு, "மச்சி, இத வெச்சு வெங்காயம் நறுக்கலாமா?" என்று கேட்டான். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. கலைக் கத்தி பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி. இணைப்பு எவ்வளவு கச்சிதம், மெருகு எவ்வளவு சுத்தம், கோடு எப்படி ஓடுகிறது, இந்த மூன்றையும் தாண்டி அவர்கள் பேசுவது அபூர்வம். நகைக்கடையில் பேசுவதும் இதைத்தான்.

முதலில் பாப் லவ்லெஸ். 1929இல் பிறந்து 2010இல் இறந்த ராபர்ட் வால்டார்ஃப் லவ்லெஸ். இந்தத் துறைக்காரர்கள் இவர் பெயரைச் சொல்லும் தொனி, நம்மூர் சங்கீதக்காரர்கள் அரியக்குடி பெயரைச் சொல்லும் தொனி. 1954இல் இவர் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் ஏபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்கு ஒரு ராண்டல் கத்தி வாங்கப் போனார். அந்தக் காலத்தில் அது வேட்டைக்காரர்களுக்கும் மீன்பிடிக்காரர்களுக்குமான கடை, இன்றைய ஜீன்ஸ் கடை அல்ல. ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இவர் நியூஜெர்ஸியில் நுவர்க் பக்கம் பழைய இரும்புக் கடையில் 1937ஆம் வருடத்து பேக்கார்ட் காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்து, கப்பல் சமையலறையின் எண்ணெய் அடுப்பில் காய்ச்சி, தானே ஒரு கத்தி அடித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அதே கடை இவருடைய கத்திகளை வாங்கி விற்க ஆரம்பித்தது. லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பட்டையில் கரியும் இருக்கிறது, மீள்திறனும் இருக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது. உலகம் முழுக்கக் கொல்லர்கள் கண்டுகொண்ட விஷயம் இது.

ஆனால் லவ்லெஸ் பட்டையோடு நின்றுவிடவில்லை. கொஞ்ச காலத்தில் அடிப்பதையே விட்டுவிட்டார். தட்டையான எஃகுத் துண்டை எடுத்து, வேண்டாததை அறுத்து, தேய்த்து நீக்கிக் கத்தியாக்கும் முறைக்கு மாறினார். 1972இல் 154சிஎம் என்கிற எஃகைக் கத்திக்குக் கொண்டுவந்தார். குரோமியம் சுமார் 14 சதவீதம், மாலிப்டினம் 4 சதவீதம், கரி ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். சூட்டைத் தாங்கும் இயந்திர பேரிங்குகளுக்காக உருவான எஃகு அது. பிடிக்கு மைக்கார்ட்டா வைத்தார். துணியையோ காகிதத்தையோ பிசினில் ஊறவைத்து அழுத்தி எடுத்த பலகை, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்காப்புக்காகச் செய்தது. எலெக்ட்ரிகல் படித்தவர்களுக்கு ஹைலம் ஷீட் என்று சொன்னால் புரியும். மின்சாரப் பெட்டிக்குள் சுவிட்சுக்குப் பின்னால் இருக்குமே, அந்தச் சாதி. இன்று ஒரு சிறிய காரின் விலைக்குப் போகும் லவ்லெஸ் கத்தியின் பிடி பெரும்பாலும் அதுதான். யானைத் தந்தமோ முத்துச்சிப்பியோ அந்தக் கத்திகளில் கிடையவே கிடையாது என்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய மனசு இருந்த இடம் பச்சை நிற ஹைலத்தில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய டிராப் பாயிண்ட் வேட்டைக் கத்தியை அட்லாண்டாவில் ஒரு விற்பனையாளரின் மேசையில் இரண்டு நிமிடம் கையில் வைத்திருக்க அனுமதி கிடைத்தது. படத்தில் நூறு முறை பார்த்த பொருள். அலகு நாலு அங்குலத்துக்குள் இருக்கும். முதுகு நேராகப் போய் நுனிக்கு முன்னால் மெதுவாக இறங்குகிறது, அதனால்தான் அந்தப் பெயர். இதற்கு முன் பரவலாக இருந்த வேட்டைக் கத்திகளில் நுனி மேலே தூக்கி இருக்கும், பார்வைக்கு மிடுக்கு. ஆனால் மானின் வயிற்றுத் தோலைக் கீறும்போது தூக்கிய நுனி குடலைக் குத்திக் கிழித்துவிடும், இறைச்சி நாறிப்போகும். நுனியை நடுக்கோட்டுக்கு இறக்கினால் விரலால் அதன் இடத்தை உணர முடியும், தோலை மட்டும் திறக்க முடியும். அந்த வளைவு ஒரு குடலைக் காப்பாற்றுவதற்காக வந்த வளைவு. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அது வேறு வளைவாகத் தெரிகிறது.

படத்தில் தெரியாத ஒன்று உண்டு. பிடிக்குள் போகும் எஃகு, பிடியின் கடைசிவரைக்கும் கனம் குறைந்துகொண்டே போகிறது. அலகின் அடியில் நல்ல தடிமன், பின்பக்கம் போகப் போகக் காகித அட்டை மாதிரி ஆகிவிடும். பிடியின் விளிம்பில் இரண்டு மைக்கார்ட்டாப் பலகைகளுக்கும் நடுவே ஒரு வெள்ளிக் கோடு ஓடி, இளைத்து இளைத்து மறையப் போகிற இடத்தில் முடிகிறது. அதன் இருபக்கமும் மெல்லிய சிவப்புக் கோடு. பார்வைக்கு அலங்காரம். கையில் எடுத்தால், எடை சுட்டுவிரலுக்கு வந்து உட்கார்ந்திருப்பதற்கான காரணம் அதுதான் என்று கை சொல்கிறது. அந்தக் கத்தி என் கையில் எதையும் வெட்டவில்லை. ஆனால் எந்த இடத்தில் எப்படி வெட்டும் என்பதை முழுக்கச் சொல்லிவிட்டது. இதைத்தான் நம்பிக்கையைக் காப்பாற்றுவது என்கிறேன். கண்ணுக்கு இன்பமாக இருக்கிற ஒவ்வொன்றும் போய்ச் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு வாக்குறுதியாகவும் இருக்கிறது.

இங்கே 'கைவினை' என்கிற சொல்லைக் கொஞ்சம் உதறிப் பார்க்க வேண்டும். லவ்லெஸ் பட்டறையில் பேண்ட்சாவும் பெல்ட் கிரைண்டரும் ஓடின. மின்சாரம் நின்றால் வேலை நின்றுவிடும். அப்புறம் எப்படி இது கையால் செய்தது? ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்பு கற்பித்த டேவிட் பை என்கிற ஆங்கிலேயர் 1968இல் 'தி நேச்சர் அண்ட் ஆர்ட் ஆஃப் வொர்க்மேன்ஷிப்' என்ற புத்தகத்தில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தார். கையா எந்திரமா என்று பார்ப்பதை விட்டுவிடு, வேலை நடக்கும்போது அதன் முடிவு ஆபத்தில் இருக்கிறதா என்று பார், என்பது அவர் வாதம். பேனாவால் எழுதுவது ஆபத்துள்ள வேலை, எந்த எழுத்திலும் கை தவறலாம். அச்சடிப்பது உறுதியான வேலை, முடிவு முன்பே தீர்மானமாகிவிட்டது. இந்த அளவுகோலில் பெல்ட் கிரைண்டர் ஆபத்தின் பக்கம்தான் வரும். சுற்றும் சக்கரத்தின் மேல் அலகை வெறுங்கையால் அழுத்திக் குழிவாகத் தேய்க்கிறார்கள். ஒரு பக்கம் தேய்த்ததன் கண்ணாடிப் பிம்பமாக மறுபக்கம் வர வேண்டும். தேய்ப்பு ஆரம்பிக்கிற கோடு இருபக்கமும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அரை நொடி கூடுதலாக அழுத்தினால் சூடேறிப் பதம் போய்விடும், ஆகவே பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கத்தி முக்கால்வாசி முடிந்தபிறகும் குப்பைக்குப் போகலாம். நான் செய்கிற வேலையில் தப்பாகப் போனதை ஒரு கட்டளையில் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவேன். தேய்த்த எஃகு திரும்ப வராது. இந்தத் துறை மேல் கணினிக்காரர்களுக்கு இருக்கும் மோகத்தில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும். மீதிப் பாதிக்குச் சம்பளம்.

பை கொடுத்த அளவுகோலை லவ்லெஸ் மேலேயே வைத்தால் சேகரிப்பாளர்களுக்குச் சங்கடம். 1970களின் தொடக்கத்தில் ஸ்டீவ் ஜான்சன், 1980களின் தொடக்கத்திலிருந்து ஜிம் மெரிட், இந்த இருவரும் அவர் பட்டறையில் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். பெயர்ப் பொறிப்பில் லவ்லெஸ் இருந்தாலும் ஆபத்தை ஏற்ற கை எப்போதும் அவருடையது மட்டும் இல்லை. இதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் சந்தை கையைப் பார்க்கவில்லை, முத்திரையைப் பார்க்கிறது. எந்த ஊர்ப் பெயர் பொறித்திருக்கிறது, லான்டேலா ரிவர்சைடா, நிர்வாணப் பெண் உருவ முத்திரை இருக்கிறதா இல்லையா என்று பார்த்து விலை ஏறுகிறது. அந்த உருவம் ஒரு மயிரிழை அளவுகூட வெட்டுக்கு உதவாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பஸ்டர் வாரென்ஸ்கி. யூட்டா மாநிலத்துக்காரர், 2005இல் இறந்தார். கைத்திறனில் அவரைத் தாண்டியவர்கள் குறைவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபில் லோப்ரெட் என்ற சேகரிப்பாளர் கேட்டுக்கொண்டதால் துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த தங்கக் குத்துவாளை அப்படியே மறுபடி செய்து கொடுத்தார். அலகும் தங்கம், பிடியும் தங்கம், மொத்தம் 32 அவுன்ஸ். அதே சேகரிப்பாளருக்காகச் செய்த இன்னொரு கத்தியில் பச்சைக்கல் பிடி, அதன்மேல் தங்கப் பின்னல், 153 மரகதம், 9 வைரம். இந்த லோப்ரெட்தான் 1983இல் ஆர்ட் நைஃப் இன்விடேஷனல் என்கிற கண்காட்சியைத் தொடங்கியவர். அழைக்கப்பட்ட 25 கலைஞர்கள் மட்டும் வருவார்கள். விலையைச் செய்தவர் முன்பே எழுதி வைத்துவிடுவார். வாங்க ஆசைப்படுகிறவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் பெட்டியில் போட வேண்டும். குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவருக்குக் கத்தி. ஏலம் விட்டு விலையேற்றாத அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே உச்சமாகக் கருதப்பட்ட திசைதான் பிடிக்கவில்லை.

தங்க அலகு வெட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அதைப் பார்க்கும் யாரும் இது எப்படி வெட்டும் என்று கேட்க மாட்டார்கள். கேட்கத் தேவையில்லாத இடத்துக்கு அது போய்விட்டது. மீதமிருப்பது நகை வேலை, மிகச் சிறந்த நகை வேலை, கத்தி வடிவத்தில். அதே உழைப்பை ஒரு கிண்ணத்தில் போட்டிருந்தால் நமக்கு என்ன குறைந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் குறைந்திருக்காது. லவ்லெஸ் கத்தியை இப்படிக் கிண்ணமாக மாற்றிப் பார்க்க முடியாது.

பழமையின் பெயரால் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: மூல வாளே சாவுக்குப்பின் மன்னனுடன் வைக்கச் செய்ததுதானே, அதுவும் வெட்டவில்லையே. உண்மைதான். ஆனால் அந்த மம்மியின் கட்டுகளுக்குள் ஹாவர்ட் கார்ட்டர் 1925இல் இரண்டு குத்துவாள்களைக் கண்டெடுத்தார். இரண்டாவதன் அலகு இரும்பு. 2016இல் இத்தாலிய, எகிப்திய ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் சோதித்ததில் அதில் சுமார் 11 சதவீதம் நிக்கலும் 0.6 சதவீதம் கோபால்ட்டும் இருந்தன. விண்கல் இரும்பு. கி.மு. 14ஆம் நூற்றாண்டு எகிப்தில் இரும்பு தங்கத்தைவிட அரிது. வானத்திலிருந்து விழுந்த உலோகத்தை எடுத்து, அதை எப்படி அடிப்பது என்று யாரும் சரியாகச் சொல்லித் தராத காலத்தில், விரிசல் விடாமல் ஒரு நேரான அலகாக ஒருவர் அடித்திருக்கிறார். ஆபத்து என்றால் அது. மறுபடி செய்யப் போகிறவர் அந்த இரண்டில் தங்கத்தை எடுத்துக்கொண்டது இந்தக் கலையுலகத்தைப் பற்றி ஒன்று சொல்கிறது.

வாரென்ஸ்கிக்கும் லவ்லெஸ்ஸுக்கும் நடுவே சிக்கலான ஒரு இடம் இருக்கிறது. அங்கே நிற்பவர் பில் மோரன், மேரிலாந்துக்காரர். எல்லோரும் லவ்லெஸ் வழியில் தேய்த்துச் செய்துகொண்டிருந்த காலத்தில் அவர் நிலக்கரி உலையை விடாமல் அடித்துச் செய்தவர். 1973இல் கான்சாஸ் சிட்டியில் நடந்த நைஃப்மேக்கர்ஸ் கில்ட் கண்காட்சிக்கு எட்டுக் கத்திகளோடு வந்தார். அலகு முழுக்க நீரோட்டம் போல வரிகள். டமாஸ்கஸ் என்று பழைய பெயரால் அழைத்தார். இரண்டு வகை எஃகைத் தகடு தகடாக அடுக்கி, காய்ச்சிப் பற்றவைத்து, நீட்டி மடித்து, மறுபடி நீட்டி மடித்துச் செய்வது. கடைசியில் அமிலத்தில் முக்கினால் ஒன்று கறுக்கும், ஒன்று வெளுப்பாக நிற்கும். மடிப்புக் கணக்கு நமக்குத் தெரிந்த இரண்டின் அடுக்குதான். ஐந்து தகட்டில் ஆரம்பித்து ஆறு முறை மடித்தால் 320 அடுக்கு. மோரன் கத்திகளை மட்டும் கொண்டுவரவில்லை, அதை எப்படிச் செய்வது என்று ஒரு சிறு புத்தகமும் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அவர் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தால் வாழ்நாள் முழுக்கத் தனிக்காட்டு ராஜாவாக இருந்திருக்கலாம். இன்று உலகத்தில் பிளேட் ஷோ மாதிரியான எந்த இடத்துக்குப் போனாலும் மேசைக்கு மேசை அந்த வரிகள் தெரிவதற்கு அந்தச் சிறு புத்தகமும் ஒரு காரணம்.

1976இல் அவர் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி வைக்கும் தேர்வுதான் இந்தத் துறை உருவாக்கியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதல் பட்டத்துக்கு வருபவர் தான் அடித்த கத்தியை எடுத்துக்கொண்டு வர வேண்டும், அலகு பத்து அங்குலத்துக்கு மிகாமல். தொங்கவிட்ட ஒரு அங்குலத் தடிமன் கயிற்றை ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். கயிற்றின் கீழ்முனை கட்டப்படவில்லை, ஆகவே கூரில்லாத கத்தி அதைத் தள்ளிவிட்டுப் போகும். அடுத்து, இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். உடனே அதே கூரால், தீட்டாமல், முழங்கை மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை வைஸில் இறுக்கி 90 டிகிரி வளைக்க வேண்டும். உடைந்தால் தோல்வி.

இந்த வளைப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மயிரை மழிக்கிற அளவு கடினமான எஃகு வளையாது, உடையும். வளைகிற எஃகு மழிக்காது. ஆகவே ஒரே துண்டு இரும்பில் விளிம்பைக் கடினமாகவும் முதுகை மென்மையாகவும் பதம் போட்டிருந்தால்தான் இரண்டும் நடக்கும். சிவக்கக் காய்ச்சிய அலகின் விளிம்பை மட்டும் எண்ணெயில் முக்கிக் குளிர்விப்பது ஒரு வழி. கத்தியை யாரும் வாழ்க்கையில் 90 டிகிரி வளைக்கப் போவதில்லை. ஆனால் கண்ணுக்கே தெரியாத வெப்பக் கட்டுப்பாட்டை வெளியே கொண்டுவந்து காட்ட வேறு வழி கிடையாது. லவ்லெஸ்ஸின் கத்தி இந்தத் தேர்வில் முறிந்துபோகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் எஃகு முழுக்க ஒரே கடினம். மான் உரிக்கிற கத்தி வளையத் தேவையில்லை என்பது அவர் கட்சி, எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

அடுத்த பட்டமான மாஸ்டருக்கு இதே சோதனையை 300 அடுக்குக்குக் குறையாத டமாஸ்கஸ் அலகால் செய்ய வேண்டும். அது முடிந்தபிறகு ஐந்து கத்திகளை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். அதில் ஒன்று பழைய ஐரோப்பிய பாணிக் குத்துவாள், பிடியில் திருகு வரிகள் செதுக்கி, முறுக்கிய கம்பி பதித்தது. இந்த ஐந்தையும் யாரும் கயிற்றில் வீசிப் பார்க்க மாட்டார்கள். கண்ணால் பார்த்து, இடைவெளி இருக்கிறதா, கோடு கோணியிருக்கிறதா என்று மட்டும் சொல்வார்கள். அதாவது ஒரு கத்தியை அழித்துப் பார்த்து, அதன் பலத்தில் மற்ற ஐந்தை நம்புகிறார்கள். என் தொழிலில் சோதனை என்பதற்கு இதைவிட நேர்மையான உதாரணம் இல்லை. வெட்டாத கத்திக்கு இப்படித்தான் நியாயம் கிடைக்கிறது. அதன் உடன்பிறந்த ஒன்று எங்கோ வைஸில் வளைந்து கிடக்கிறது.

ஆனால் அந்தத் தேர்வில் தேறியவர்கள் பிறகு செய்வதில் பாதி எனக்கு அலுப்பூட்டுகிறது. அடுக்குகளை வெட்டி, திருப்பி, சதுரங்களாக அடுக்கி, அலகில் பூ, சிலந்தி வலை, எழுத்து என்று எதை வேண்டுமானாலும் வரவைக்கிறார்கள். மொசைக் டமாஸ்கஸ் என்று பெயர். தொழில்நுட்பமாகப் பார்த்தால் மலைப்பு. ஆனால் கண் வரியிலேயே சிக்கிக்கொள்கிறது, அலகின் வடிவத்துக்குப் போவதில்லை. மோசமாகத் தேய்த்த அலகையும் நல்ல வரி மறைத்துவிடும். லவ்லெஸ்ஸின் வெறும் எஃகில் ஒரு தப்பும் ஒளிய முடியாது. மோரனே தன் பிடிகளில் வெள்ளிக் கம்பி பதித்தவர்தான். ஆனால் அந்தக் கம்பி மேப்பிள் மரத்தின் ரேகையோடு போகும், கை பிடிக்கிற வளைவைப் பின்தொடரும். அவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருந்தது.

டமாஸ்கஸ் என்ற பெயர் வந்ததும் நம் ஊருக்கு வராமல் போக முடியாது. ஐரோப்பியர்கள் அந்தப் பெயரால் முதலில் வியந்த வாள்களில் அடுக்கு எதுவும் கிடையாது. மண் குப்பிக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் அடைத்து உருக்கி, அப்படியே குளிரவைத்து எடுத்த எஃகுக் கட்டியிலிருந்து அடித்தவை அவை. அந்தக் கட்டிதான் ஊட்ஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்பட்டு மேற்கே போனது. பெயர் உருக்கு, உக்கு போன்ற தென்னிந்தியச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலிலும், மேல்சிறுவளூரிலும் குப்பி எஃகுத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 1819இல் மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்துக்கு வருவதற்கு முன், இதை வேதியியல் ஆய்வு செய்து எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்தத் தொழில் ஏறக்குறைய செத்துவிட்டது.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் ஃபுளோரிடாவில் குதிரை லாடம் அடிப்பவரான ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் சேர்ந்து 1990களில் அதை மறுபடி செய்து காட்டினார்கள். ஊட்ஸின் வரி கார்பைடு துகள்கள் வரிசை கட்டுவதால் வருவது. அதற்கு வனேடியம் போன்ற கலப்பு பத்து லட்சத்தில் 40 பங்கு இருந்தாலே போதும் என்று கண்டார்கள். அந்த அளவு கலப்பு சில தாதுக்களில் இயற்கையாகவே இருக்கும், செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. கட்டியை அளவான சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்க அடிக்க வரி தெளியும். ஒருமுறை சூடு மிஞ்சினால் அழிந்துவிடும். ஆகவே ஊட்ஸ் அலகில் நாம் பார்ப்பது யாரும் வரைந்த சித்திரம் இல்லை, அடித்தவர் எத்தனை முறை தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டார் என்பதன் பதிவேடு. மொசைக்கில் எனக்குக் கிடைக்காதது இதில் கிடைக்கிறது.

'உலகின் முதல் எஃகு தமிழனுடையது' என்று வாட்ஸப்பில் வருவதைப் படிக்கும்போது ஒரு பாதியைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றும். கட்டி இங்கே, வாள் பாரசீகத்திலும் வேறு இடங்களிலும். கட்டியை உருக்கியவர் தன் எஃகு என்னவாக ஆயிற்று என்று பார்த்திருக்க மாட்டார். அவருக்கு முத்திரையும் கிடையாது. ரிவர்சைடா லான்டேலா என்று ஊர்ப்பெயர் பார்த்து விலை வைக்கிற சந்தைக்குள் இந்த ஆளை எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்தால் வழி தெரியவில்லை.

நான் வைத்த அளவுகோலில் எனக்கே உறுத்துகிற ஒன்று இருக்கிறது. கத்தியின் அழகு அது வெட்டும் என்கிற நம்பிக்கையில் இருக்கிறது என்றால், எதை வெட்டும் என்று அடுத்த கேள்வி வரும். லவ்லெஸ் கத்திகளில் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது டிராப் பாயிண்ட் அல்ல, பிக் பேர் என்கிற பெரிய சண்டைக் கத்தி. ஒன்பது அங்குலத்தை ஒட்டிய அலகு. அலகும் பிடியும் சேரும் இடத்தில் வழக்கமான கைக்காப்பு, அதற்குப் பின்னால் சுட்டுவிரலைத் தாண்டி இரண்டாவதாக ஒரு சிறு காப்பு. பார்க்க அவ்வளவு அழகு. அந்த இரண்டு காப்புகளுக்கும் நடுவே விரல் உட்காரும் வளைவிலிருந்து பிடியின் வால் வரைக்கும் ஓடுகிற கோடு, அவர் வரைந்ததிலேயே சிறந்த கோடு என்று தயங்காமல் சொல்வேன். முதல் காப்பு குத்தும்போது கை முன்னால் வழுக்காமல் இருக்க. இரண்டாவது காப்பு வெளியே இழுக்க. ஆளின் உடம்பிலிருந்து.

இதைப் பற்றி எழுதுபவர்கள் கோடு, சமநிலை, விகிதம் என்று பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்தக் காரணத்துக்காக அந்த விகிதம் வந்தது என்று மட்டும் சொல்வதில்லை. டிராப் பாயிண்டைப் பற்றி எழுதும்போது மட்டும் மான், குடல், தோல் என்று விவரமாக எழுதுகிறார்கள். தங்கக் குத்துவாளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அது யாரையும் கொல்லாது. அந்த வகையில் என் அளவுகோலில் தோற்ற கத்திதான் குற்றமில்லாத கத்தி. பிக் பேர் ஜெயிக்கிறது, முழு மதிப்பெண்ணோடு. அதன் ஒவ்வொரு வளைவும் வேலை செய்யும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன். அதே நேரத்தில் அதைவிடச் சிறந்த கத்தியைக் காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது.

சேகரிப்புப் புத்தகங்களில் பிக் பேர் படங்களை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். கறுப்பு வெல்வெட், சாம்பல் காகிதம், சில சமயம் ஒரு மான் கொம்பு. எந்தப் படத்திலும் கை இல்லை.